கடைசி எழுத்தையும் வாசித்தவருக்குத் தெரியாத தட்டம்

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, யாழ்ப்பாணத்துக் கண் டொக்டர் இராசமணி அம்மா தன்னுடைய கறுப்புத் துணியையும் வெள்ளை மணியையும் கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, இதே நாரந்தனைக்கு, இதே வாசிகசாலைக்கு, நீங்கள் இப்போது குந்தியிருக்கிற இதே வாங்குகளுக்கு முன்னால் வந்து நிற்கப் போகிறார்!

செய்தியைச் சொல்லிவிட்டேன். இனி வணக்கத்தைச் சொல்கிறேன். முறை மாறிப் போயிற்று என்று முணுமுணுப்பவர்கள் முணுமுணுக்கலாம். மூன்று நாளாக நெஞ்சுக்குள் கிடந்து முட்டிய செய்திக்கு முறை எங்கே தெரியும்?

தலைமைக் கதிரையை நிறைத்தும் மனம் நிறையாமல் வீற்றிருக்கும் எங்கள் வாசிகசாலைத் தலைவர், பெருமதிப்புக்குரிய அரியநாயகம் ஐயா அவர்களே, ஊர் நியாயத்தை உள்ளங்கையில் வைத்திருக்கும் பெரியோர்களே, பாய் விரித்த பக்கமாய் அமர்ந்திருக்கும் தாய்மாரே, வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்துக்கொண்டு "நாங்கள் கூட்டத்துக்கு வரேல்லை" என்று சொல்லப் போகும் அக்காமாரே, எதற்கும் எழும்பாத எங்கள் இளைஞர்களே, இரண்டாம் வாங்கின் ஓரத்தில், மகளின் கலியாணத்துக்கு இன்னும் ஆறே நாள் இருக்க, அந்த நீண்ட வாங்கிலே பக்கத்தில் ஓர் ஆள்கூட இல்லாமல் தனியே இருக்கும் என்னுடைய சிவகுரு அண்ணை அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பணிவு இத்தோடு முடிந்தது. இனி வருவது வேறு.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மிச்சப் படிப்பெல்லாம் இந்த வாசிகசாலைப் பத்திரிகை மேசையில் படித்தது. அதனால் எனக்கு அழகாகப் பேசத் தெரியாது என்பார்கள். சரி. அழகாகப் பேசத் தெரிந்த இந்த ஊர், ஒரு மனிதரோடு பதினான்கு மாதமாகப் பேசவே இல்லையே, அது எந்தப் படிப்பில் படித்தது?

இந்த எழுபத்திரண்டாம் ஆண்டிலே, சந்திரனிலே மனிதன் கால் வைத்து மூன்று வருசம் முடிந்துவிட்டது. அங்கே போய்க் கல் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நாங்கள் என்ன செய்தோம்? அடுத்த ஒழுங்கையில் இருக்கும் மனிதருக்குக் கண் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பதினான்கு மாதம் போதவில்லை. எத்தனை கண்? நாரந்தனை முழுவதும் சேர்த்தால் எத்தனை நூறு கண்? அத்தனை கண்ணும் என்ன பார்த்தது? அவருடைய திமிரைப் பார்த்தது. இல்லாத திமிரை எட்டுத் திக்கிலும் நின்று எட்டி எட்டிப் பார்த்தது.

பிறத்தியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்களுக்கும் மறந்து போயிருக்கும்; பழியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு நடந்ததை மறக்கும் வித்தையிலே நாங்கள் வித்தகர்கள்.

சிவகுரு அண்ணை மாத்தறையில் இருபது வருசம் கடை நடத்திவிட்டு ஊரோடு வந்தவர். வந்து இரண்டாம் வருசம், போன வருசம் வைகாசியில், எங்கள் தலைவர் அவர்களுடைய மூத்த மகளுக்குக் கலியாணம். பந்தல் வாசலில் தலைவரே நின்று, தன் கையாலேயே வெற்றிலைத் தட்டம் நீட்டி வரவேற்றவர். வெற்றிலைத் தட்டம் என்றால் சும்மாவா? நீட்டினால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால், "உன் வீட்டு உறவு எனக்கு வேண்டாம்" என்று சபையிலே அறைந்து சொன்னதற்குச் சரி. கோபக்காரனும் ஒரு வெற்றிலையையாவது தொட்டுவிட்டுத்தான் போவான்.

சிவகுரு அண்ணை வந்தார். தலைவர் அவருக்கு இடப்பக்கம் நின்று தட்டத்தை நீட்டினார். அண்ணை நேரே பார்த்தபடி, தட்டத்தைத் தாண்டி, தலைவரைத் தாண்டி, உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டார்.

அவ்வளவுதான். இந்த ஊருக்கு அன்றைக்குச் சோறே தேவைப்படவில்லை. அந்தத் தட்டத்தையே பந்தி பந்தியாய்த் தின்றது.

"மாத்தறைக் காசு கதைக்குது."

"கண்டுகொண்டும் காணாத மாதிரிப் போறார் பாத்தியே."

"உவருக்கு எங்கடை வெத்திலை காறுதாக்கும்."

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்காதீர்கள். எல்லாரும் சொன்னோம். மூன்றாவதைச் சொன்னவன் நான். நல்ல பகிடி என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. இன்றைக்கு அந்த வாயை எந்தக் கிணற்றடியில் கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை.

தலைவர் அவர்கள் ஒரே வசனத்தில் தீர்ப்புச் சொன்னார்: "என்ரை தட்டத்தைத் தொடாதவன்ரை வாசலை நானும் மிதிக்கமாட்டன்." தலைவர் மிதிக்காத வாசலை ஊர் மிதிக்குமா? தீர்ப்பு மட்டும் ஊரெல்லாம் போனது. குற்றம் இன்னதென்று குற்றவாளிக்குச் சொல்ல ஒருவருக்கும் கால் எழும்பவில்லை. கோட்டிலே கொலைகாரனுக்குக்கூடக் குற்றப்பத்திரிகை வாசித்துக் காட்டுகிறார்கள். நாரந்தனையில் அந்தச் சட்டம் இல்லை.

என்ன, தலைவர் ஐயா? "தம்பி, கண் டொக்டரைப் பற்றிப் பேசத்தான் உம்மைக் கூப்பிட்டது" என்கிறீர்களா? ஓம் ஐயா. அதைத்தான் பேசுகிறேன். இன்னும் கொஞ்சத்தில் டொக்டர் வந்துவிடுவார்.

மூன்று கிழமைக்கு முதல், காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு லோஞ்சில் வருகிறேன். எனக்கு வலப்பக்கம் சிவகுரு அண்ணை. இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டைக் கடலிலும் காப்பாற்றிய கற்புக்கரசன் நான். லோஞ் இறங்குதுறைப் பாலத்தோடு அணைகிறது. நான் முதலில் ஏறிவிட்டேன். வயதான மனிதர், எப்படியும் மனிதர்தானே என்று கையை நீட்டினேன். அவருக்கு இடப்பக்கமாக. அவர் அந்தக் கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'தட்டத்துக்குச் செய்தது இப்ப எனக்குமோ' என்று கையை இழுத்தேன். இழுத்த கையோடு அவர் இடக்காலைப் பாலம் என்று நினைத்து வெறும் வெளியில் வைத்தார். லோஞ்சுக்கும் பாலத்துக்கும் நடுவிலே தண்ணீருக்குள் போனார்.

நானும் லோஞ்காரரும் தூக்கி எடுத்தோம். முழங்கையில் இரத்தம். முகத்தைத் துடைத்துவிட்டு, என்னை நேரே பார்த்து, சிரித்துக்கொண்டு கேட்டார்:

"எட, தம்பி. நீர் எப்ப வந்தனீர்?"

லோஞ்சுக்குக் காத்திருந்ததோடு சேர்த்து முக்கால் மணித்தியாலமாகத் தோளோடு தோள் உரசிக்கொண்டு இருந்தவனைப் பார்த்து, எப்ப வந்தனீர்?

அப்போதுதான் எனக்குள் ஏதோ இடித்தது. அவர் வீட்டுப் படலையின் இடப்பக்கத் தூணில் சைக்கிள் எத்தனை தரம் முட்டியது? ஆட்டைக் கட்டிய கயிற்றில் எத்தனை தரம் தடக்கினார்? எல்லாம் பார்த்தோம். பார்த்துவிட்டு, "நிலத்தைப் பாத்து நடக்க மாட்டாராம், அவ்வளவு தலைக்கனம்" என்று அதையும் திமிர்க் கணக்கில் எழுதிவிட்டோம்.

"அண்ணை, கண்ணைக் காட்டுவம் வாங்கோ" என்றேன்.

"என்ரை கண்ணுக்கு என்ன? போன வருசம் கண்ணாடிக்காரன் ஒருத்தன் வந்து எழுத்துப் பலகை பிடிச்சவன். கடைசி வரி வரைக்கும் வாசிச்சனான். கழுகுக் கண் எண்டவன்."

அந்தக் கண்ணாடி வியாபாரி இங்கே இருந்தால் அவனுக்கும் ஒரு பூமாலை போடலாம். பலகையைப் பிடித்தான், எழுத்தை வாசித்தார், கழுகு என்றான், போய்விட்டான். பலகைக்கு அப்பால் உலகம் இருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது?

மறுநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனோம். டொக்டர் இராசமணி அம்மா. பெருத்த உருவம் இல்லை, உரத்த குரல் இல்லை. முதலில் அவவும் அதே எழுத்துப் பலகையைத்தான் காட்டினா. ஒரு கண்ணைப் பொத்தி வாசித்தார், மறு கண்ணைப் பொத்தி வாசித்தார். கடைசி வரி, கடைசி எழுத்து, ஒன்றும் தப்பவில்லை. அண்ணை என்னைப் பார்த்த பார்வை, "பாத்தீரோ பொடியா" என்ற பார்வை.

டொக்டர் கதிரையை இழுத்து அவருக்கு நேர் முன்னால், முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்தா.

"ஐயா, வலக்கண்ணைப் பொத்துங்கோ. என்ரை மூக்கை மட்டும் பாருங்கோ. அங்கை இங்கை பாக்கக்கூடாது. பக்கத்திலை என்ரை விரல் ஆடேக்கை சொல்லுங்கோ."

அண்ணை மூக்கைப் பார்க்கிறார். நேரம் போகிறது. அண்ணைக்குப் பொறுமை போய்விட்டது.

"விரலைக் காட்டுங்கோவன், டொக்டர்."

"காட்டிக்கொண்டுதான் இருக்கிறன், ஐயா."

நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அந்த அம்மாவின் கை அவருடைய காதுக்குப் பக்கத்தில், காற்றிலே தென்னோலை மாதிரி ஆடுகிறது. அவர் அதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகுதான் அந்தக் கறுப்புத் துணி. சுவர் நிறையத் தொங்குகிற துணி. நடுவில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. டொக்டரின் கையில் ஒரு கறுப்புக் குச்சி, அதன் நுனியில் ஒரு வெள்ளை மணி, சவ்வரிசி அளவு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்பொட்டையே பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மணி ஓரத்திலிருந்து நகர்ந்து வரும். தெரிந்தால் "தெரியுது" என வேண்டும், மறைந்தால் "இல்லை" என வேண்டும். மறைகிற இடமெல்லாம் டொக்டர் ஒரு குண்டூசி குத்துவா. ஊசிகளைப் பிறகு கடுதாசியில் புள்ளியாக்கி, புள்ளிகளைக் கோடாக்கி, ஒரு மனிதருக்கு எவ்வளவு உலகம் மிச்சம் என்று கீறிக் கையில் தந்துவிடுவா.

அண்ணைக்குச் செய்ய முன்னம், பயம் தெளியட்டும் என்று, "தம்பி, நீர் முதல் இரும்" என்றா. நான் இருந்தேன். நாரந்தனைக்காரன் அல்லவா? எனக்கா தெரியாது? மணி எங்கே போனாலும் "தெரியுது, தெரியுது, தெரியுது" என்று கோயில் மணி மாதிரி அடித்துத் தள்ளினேன். ஓரிடத்தில் மணி காணாமல் போயிற்று. விட்டுக்கொடுப்பேனா? "தெரியுது" என்றேன்.

டொக்டர் குச்சியை இறக்கினா.

"பொய்."

"இல்லை டொக்டர், வடிவாத் தெரிஞ்சது."

"தம்பி, அந்த இடத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. கண்ணுக்குப் பின்னாலை நரம்பு புறப்படுற இடம் அது. குருட்டிடம் எண்டு சொல்லுறது. உமக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு, ராசாவுக்கும் இருக்கு. நான் முதல் அதைத்தான் தேடுறது. அதிலை 'இல்லை' எண்டு சொல்லுற ஆளின்ரை மிச்சப் பதிலைத்தான் நம்புவன். அதிலையும் 'தெரியுது' எண்டு சொல்லுற ஆளை வைச்சு ஒண்டும் கீற ஏலாது. எழும்பும்."

கேட்டீர்களா பெரியோர்களே? "தெரியாது" என்று சொல்லத் தெரியாதவனை ஒரு கண் டொக்டர் கதிரையைவிட்டு எழுப்பிவிடுகிறா. நாங்கள் என்ன செய்கிறோம்? அவனைத்தான் தேடிப்பிடித்துத் தலைமைக் கதிரையில் இருத்துகிறோம்.

கை தட்டாதீர்கள். தட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

சிவகுரு அண்ணை இருந்தார். குருட்டிடம் வந்தபோது, "இல்லை" என்றார். டொக்டர் தலையை ஆட்டினா: நம்பலாம். பிறகு "இல்லை", "இல்லை", "இல்லை". ஊசிமேல் ஊசி. ஒவ்வோர் "இல்லை"யும் அவருடைய குரலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தை எடுத்துக்கொண்டு போனது. அதன்பின் கண் மரத்துப்போகத் துளி விட்டு, சின்ன இரும்புப் பாரம் ஒன்றை விழியில் வைத்து அமுக்கம் பார்த்தா. வெளிச்சக் குழாயால் உள்ளே பார்த்தா. கடைசியில் அந்தக் கடுதாசியை நீட்டினா. இடக்கண் படம் முழுவதும் கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு துண்டு வெள்ளை, கடலுக்கு நடுவே தனித்துக் கிடக்கிற தீவு மாதிரி. எழுத்துப் பலகை அந்தத் தீவுக்குள் அடங்கிவிட்டது. அதனால் கடைசி எழுத்தும் தெரிந்தது. வலக்கண்ணிலும் பாதியைக் கடல் கொண்டுவிட்டது.

"கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடிப் பின்பக்க நரம்பை நெரிச்சுப்போட்டுது, ஐயா. குளுக்கோமா எண்டு பேர். போனது திரும்பாது. துளி மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். ஒரு வருசத்துக்கு முந்தி வந்திருந்தால் இதைவிடக் கனக்க மிஞ்சியிருக்கும்."

ஒரு வருசத்துக்கு முந்தி. அந்தக் கணக்கு யாருக்கு விளங்குகிறது? ஒரு வருசத்துக்கு முந்தித்தான் அவர் எங்கள் எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் ஒரு தட்டத்தைத் தாண்டிப் போனவர். ஊர் கூடி நின்று செய்த பரிசோதனை அது. டொக்டருடைய துணியும் தேவைப்படவில்லை, மணியும் தேவைப்படவில்லை. இடப்பக்கம் காட்டினோம், தெரியவில்லை. அவ்வளவு பச்சையான விடையைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எழுதிய மருந்துச் சீட்டு என்ன? ஊர் விலக்கு.

பின்னாலிருந்து தம்பிஐயா அண்ணை ஏதோ கேட்கிறார். சத்தமாய்க் கேளுங்கோ அண்ணை. "கண் தெரியேல்லை எண்டால் அவர் சொல்லியிருக்கலாமே?"

நல்ல கேள்வி. இதையே நானும் டொக்டரைக் கேட்டேன். அவ சொன்னதைக் கேளுங்கள்: "இருட்டாய்த் தெரிஞ்சால் சொல்லியிருப்பார். இது இருட்டாய்த் தெரியாது, தம்பி. உமக்கு உம்முடைய முதுகுக்குப் பின்னாலை இருட்டாவே இருக்கு? அங்கை ஒண்டுமில்லை, அவ்வளவுதான். அப்பிடித்தான் அவருக்குப் பக்கமும்." தெரியாத இடம் ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. அதனால்தான் எதிரே இருந்து இன்னொருவர் விரல் ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தன் கண்ணைத் தானே சோதிக்க ஏலாது, தம்பிஐயா அண்ணை. இன்னொருவர் வேண்டும். அவருக்கு அந்த இன்னொருவராக இருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

இனிச் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து கதைக்காமல் கேளுங்கள்.

அந்தக் கடுதாசியைப் பார்த்தபிறகு எனக்குத் தாங்கவில்லை. டொக்டருக்கு முன்னாலேயே அண்ணையிடம் தட்டத்துக் கதையைச் சொன்னேன். தலைவர் நீட்டியதும், அவர் எடுக்காததும், தீர்ப்பும், எல்லாம். பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவருக்கு அந்தக் குற்றப்பத்திரிகை வாசிக்கப்படுகிறது. அவர் மெதுவாகக் கேட்டார்:

"அரியநாயகம் எனக்குத் தட்டம் நீட்டினவரோ?"

"ஓம் அண்ணை."

"எனக்கோ?"

"உங்களுக்குத்தான்."

"நான் நினைச்சன், அவர் எனக்கு நீட்டேல்லை எண்டு."

விளங்குகிறதா சபையோரே? அந்தப் பந்தல் வாசலில், எல்லாருக்கும் தட்டம் நீட்டியவர் தன்னை மட்டும் விலக்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் உள்ளே வந்திருக்கிறார். அவமானம் என்றால் அதைவிட அவமானம் வேறு என்ன? அவர் என்ன செய்தார்? திரும்பிப் போனாரா? யாரிடமாவது போய் முறையிட்டாரா? "பிள்ளையின்ரை நல்ல காரியம், நான் குழப்பக் கூடாது" என்று கடைசி வரை இருந்து, அறுகரிசி போட்டு வாழ்த்தி, பந்தியில் இருந்து சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார். வீட்டில் மனைவி யோகம்மா அக்காவிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரே தட்டம். நீட்டியவரும் தனக்கு அவமானம் என்று நினைத்தார், நீட்டப்பட்டவரும் தனக்கு அவமானம் என்று நினைத்தார். ஒருவர் அதை ஊருக்கெல்லாம் பங்கு வைத்தார். மற்றவர் ஒருவருக்கும் கொடுக்காமல் தானே விழுங்கினார். இதிலே திமிர் பிடித்தவர் யார்? நான் பேர் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு துணிவு இல்லை. அதற்கு அவசியமும் இல்லை.

அதற்குப் பிறகும் அவர் தன் மகளின் கலியாணத்துக்குச் சொல்லத் தலைவர் வீட்டுக்குப் போனார். உண்டா, இல்லையா? உள்ளே இருந்து "ஐயா இல்லை எண்டு சொல்லு" என்ற குரல் படலைவரை கேட்டது. அண்ணைக்குக் கண்தான் குறைவு, ஐயா. காதில் ஒரு குறையும் இல்லை.

நேற்று அந்த வீட்டில் பலகாரம் சுட அடுப்பு மூட்டினார்கள். கலியாண வீட்டுப் பலகாரச் சூடு என்றால் இந்த ஒழுங்கைப் பெண்கள் முழுப்பேரும் கூடி இருந்து, கதை ஒரு பக்கம் எண்ணெய் ஒரு பக்கம் கொதிக்க வேண்டாமா? பெரிய தாச்சி வைத்து, யோகம்மா அக்காவும் மகள் சத்தியபாமாவும் இரண்டே பேர். கலியாணப் பொம்பிளை தன் கலியாணத்துக்குத் தானே அரியதரம் சுடுகிறாள். தாய்மாரே, உங்கள் வீட்டுக்கு வாசம் வந்திருக்குமே. மூக்குக்கும் தெரியவில்லையா?

நாளை வெள்ளிக்கிழமை காலை வேலணையிலிருந்து மாப்பிள்ளையின் தகப்பன் வருகிறார். விருந்துக்கு அல்ல. "ஊர் வராத வீட்டிலை நாங்கள் சம்பந்தம் செய்ய ஏலாது. ஊர் வருமோ வராதோ எண்டு பாத்துத்தான் முடிவு சொல்லுவம்" என்று சொல்லியனுப்பிவிட்டு வருகிறார். வந்து எங்களைத்தான் கேட்பார். இந்தத் தீவிலே ஒரு பெண்ணின் கலியாணம் நாளைக் காலை எங்கள் வாயில் இருக்கிறது. திருப்பி எடுக்க முடியாத கண்ணை நாங்கள் போகவிட்டோம். போனது போனதுதான், டொக்டராலேயே ஏலாது. இந்தக் கலியாணம் இன்னும் போகவில்லை.

அதனால் நான் இரண்டே இரண்டு கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். நாற்பது வயது தாண்டிய எல்லாரும் வாருங்கள். கடைசி எழுத்தும் தெரிகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் முதலில் வாருங்கள். வந்து அந்தத் துணிக்கு முன்னால் இருந்து, வாழ்க்கையில் ஒருமுறையாவது "இல்லை, தெரியேல்லை" என்று சொல்லிப் பழகுங்கள்.

இரண்டாவது, இப்போதே. கலியாணத்துக்குப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று நான் கேட்கமாட்டேன். கையைத் தூக்குவதில் எங்களை வெல்ல ஆள் இல்லை. அத்தோடு, பக்கத்தில் தூக்குகிற கை அவருக்குத் தெரியாது. எழும்பி வாருங்கள். இரண்டாம் வாங்குக்கு வாருங்கள். பக்கத்தால் வந்து தோளில் தட்டாதீர்கள், திடுக்கிடுவார். அவருடைய முகத்துக்கு நேரே, நாலடி தூரத்தில் நின்று, உங்கள் பேரைச் சொல்லி, "புதன்கிழமை வாறம்" என்று சொல்லுங்கள். முதல் ஆளாக நான் போகிறேன். வெத்திலை காறுதாக்கும் என்று சொன்ன வாய், அதுதான் முதலில் போக வேண்டும்.

தம்பிஐயா அண்ணை எழும்புகிறார். நல்லது. தாய்மார் பக்கமும் அசைவு தெரிகிறது. கதிரைச் சத்தம் எனக்குப் பின்னால் கேட்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் பார்க்கிறேன்.

தலைவர் ஐயா, படி உயரம், பார்த்து இறங்குங்கோ. அந்தப் பெற்றோல்மாக்ஸ் விளக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ, ஆராவது. இல்லை ஐயா, அந்தப் பக்கத்தாலை வேண்டாம். முன்னுக்கு வாங்கோ. இன்னும் கொஞ்சம். அவருக்கு நேரே.

ஓம். இப்ப அவருக்குத் தெரியும். இனி நீங்கள் கதைக்கலாம், ஐயா. நான் நிற்பாட்டுகிறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும் பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் என் நன்றி. எல்லாரும் வரிசையிலை வாங்கோ. வணக்கம்.